பதினான்கு பக்க மரம்

மரம் நடுகிறவர்கள் உண்டு. மரம் வெட்டுகிறவர்கள் உண்டு. மரத்தடியில் ஸ்கூட்டரை நிறுத்திவிட்டு, திரும்பி வந்ததும் மேலே பார்த்துக் காக்கையைத் திட்டுகிறவர்கள் உண்டு. இந்த மூன்று வகையினரையும் உங்களுக்குத் தெரியும். மூன்றாமவர் நீங்களாகவே இருக்கலாம். ஆனால் பெங்களூரில் தொண்ணூறுகளின் நடுவில் நான்காவதாக ஓர் இனம் தோன்றிப் பெருகிற்று. இந்த இனம் மரத்தை வீட்டுக்குள் வைத்துக்கொள்கிறது. டெலிவிஷனுக்கும் ஜன்னலுக்கும் நடுவில், பழுப்பு நிறத் தட்டுத்தொட்டியில், ஒரு முழத்துக்கும் குறைவான உயரத்தில். வைத்துக்கொள்வதோடு நின்றால் தேவலை. அதைப் பற்றித் தினமும் எழுதியும் வைக்கிறது. குட்டைமரப் பதிவாளர் என்று இதற்குப் பெயர் வைப்போம்.

பதிவாளரை அடையாளம் காண்பது சுலபம். சட்டைப் பையில் பேனாவுக்குப் பக்கத்தில் ஆறு அங்குல ஸ்கேல் இருக்கும். நகக்கண்ணில் மண் இருக்காது. மண்ணைத் தொடுவதற்கென்று ஒரு பழைய ஸ்பூன் ஒதுக்கியிருப்பார். நீங்கள் அவர் வீட்டுக்குப் போனால் 'வாங்கோ' என்பதற்கு முன்னால் 'மெதுவா' என்பார், ஏனென்றால் நீங்கள் கதவைத் திறக்கிற வேகத்தில் மரத்தின் மேல் காற்று அடிக்கும். மரத்தைப் பார்த்து 'அழகா இருக்கே' என்று சொன்னீர்களோ, முகம் வாடிவிடும். அழகை அவர் எந்தக் கட்டத்தில் எழுதுவார்? மாறாக, 'பத்து வயசு இருக்குமா?' என்று கேட்டுப் பாருங்கள்.

'இருக்காது. பதினோரு வருஷம், நாலு மாசம்.'

அவ்வளவுதான். உங்கள் கடைசி பஸ் போய்விட்டது என்று வைத்துக்கொள்ளுங்கள்.

அவரைப் புண்படுத்தக்கூடிய கேள்வி ஒன்றே ஒன்றுதான். நம் ஜனங்கள் ஒருவர் விடாமல் அதைத்தான் கேட்பார்கள். 'இது காய்க்குமா?' காய்க்காது. 'பூக்குமா?' பூத்தாலும் உங்கள் கண்ணுக்குத் தெரியாது. 'அப்ப ஒரு கறிவேப்பிலைச் செடி வெச்சிருக்கலாமே?' இந்த இடத்தில் பதிவாளர் எழுந்து உள்ளே போய்விடுவார். நீங்கள் படி இறங்கின பிறகுதான் வெளியே வருவார்.

இந்த இனத்தில் பழுது சொல்ல முடியாத மாதிரி ஒருவரைக் காட்டுகிறேன். பெயர் கஸ்தூரிரங்கன். ஜோகுபாளையத்தில் சொந்த வீடு. மாநில அரசின் புள்ளிவிவரப் பிரிவில் முப்பத்தைந்து வருஷம் இருந்து 1993-ல் ஓய்வு பெற்றவர். ஓய்வு அவருக்குத்தான் கிடைத்தது, புள்ளிவிவரத்துக்குக் கிடைக்கவில்லை. அது அவரோடு வீட்டுக்கு வந்துவிட்டது. வேட்டிகளின் ஓரத்தில் மார்க்கர் மசியால் ஒன்று முதல் ஏழு வரை எண் போட்டார். மனைவி ருக்குவுக்கு விஷஜுரம் வந்தபோது நாலு மணிக்கொரு தடவை தெர்மாமீட்டர் வைத்து வரைபடத்தாளில் கோடு இழுத்துக்கொண்டு போனார்; டாக்டர் அதைப் பார்த்து அசந்துபோய், மாத்திரை எழுதித் தர மறந்துவிட்டார். ருக்கு இதை முப்பத்து நாலு வருஷமாகப் பொறுத்துக்கொண்டு வருகிறாள். முப்பத்து நாலு என்று யார் எண்ணியது என்று கேட்காதீர்கள்.

மரம் வந்தது 11-2-1995 அன்று. அடுகோடியில் கிருஷ்ணப்பா என்பவர் நடத்திய நர்சரியில் வாங்கிய சீன எல்ம் ஜாதிக் குட்டைமரம். வந்த அன்றே அதற்கு ஒரு நீள நோட்டும் வந்தது. இருநூறு பக்கம், பழுப்புக் காகித அட்டை, சிவப்பு மையில் கட்டங்கள்: தேதி, தண்ணீர், வெப்பநிலை, இலை எண்ணிக்கை, அடிமரச் சுற்றளவு, குறிப்பு. தண்ணீரை இருமல் மருந்து மூடியால் அளந்து ஊற்றுவார். அதுவும் குழாய்த் தண்ணீரை அப்படியே ஊற்றிவிட முடியாது. காவேரித் தண்ணீரில் குளோரின் இருக்கிறதல்லவா? குளோரின் எல்முக்கு ஆகாதல்லவா? அதனால் பித்தளைச் சொம்பில் பிடித்து இருபத்து நாலு மணி நேரம் திறந்து வைத்து, குளோரின் விடைபெற்றுக்கொண்ட பிறகு ஊற்றுவார். வீட்டு மனிதர்கள் குழாயில் பிடித்ததைக் குடித்தார்கள். அவர்களுக்கு எது ஆகும், எது ஆகாது என்று யாரும் ஆராயவில்லை.

இலைகளை ஞாயிற்றுக்கிழமைதோறும் எண்ணுவார். எண்ணும்போது யாரும் பேசக்கூடாது. ஒரு தடவை இருநூற்றிருபதில் காஸ்காரன் மணியடித்துவிட்டான். மறுபடி ஒன்றிலிருந்து தொடங்கினார். அன்றைக்குச் சமையல் முடியப் பன்னிரண்டரை.

1998 மே மாதம் நாக்பூரில் கஸ்தூரிரங்கனின் தம்பி பெண்ணுக்குக் கல்யாணம் வந்தது. போக வரப் பன்னிரண்டு நாள். உடனே எழுந்த கேள்வி, யாருக்கு என்ன புடவை என்பதல்ல. மரத்தை யார் பார்த்துக்கொள்வது?

"நான் இருந்து பாத்துக்கறேன், நீங்க போய்ட்டு வாங்கோ" என்றாள் ருக்கு.

அவருக்குக் கண் கலங்கிவிட்டது. தியாகம் என்று நினைத்துக்கொண்டார். நாக்பூரில் ருக்குவின் ஓரகத்தி இருக்கிறாள் என்பதும், அந்த ஓரகத்திக்கும் ருக்குவுக்கும் 1981-லிருந்து ஒரு வெள்ளிக் குங்குமச்சிமிழ் விஷயமாகப் பேச்சு கிடையாது என்பதும் அவருக்கு அப்போது ஞாபகம் வரவில்லை. தவிர, பன்னிரண்டு நாள்! காபிக்கு எத்தனை நிமிஷம், சாதத்துக்கு எத்தனை விசில் என்று யாரும் குறிக்காத பன்னிரண்டு நாள். அவள் கல்யாணமாகி இந்த வீட்டுக்கு வந்ததிலிருந்து அப்படி ஒரு விடுமுறை கிடைத்ததில்லை.

கிளம்புவதற்கு முதல் நாள் கஸ்தூரிரங்கன் பதினான்கு பக்கம் எழுதிக் கொடுத்தார். முதல் பக்கத்தில் பொருளடக்கம். இரண்டாம் பக்கம் முழுக்கக் குளோரின். நாலாம் பக்கத்தில் மரத்தின் படம், கிளைகளுக்கு எண் போட்டு. பதினொன்றாம் பக்கத்தில் செவ்வாய்க்கிழமைக் குளியல்: 'தொட்டியை விளிம்பு வரை வாளித் தண்ணீரில் முக்கி வைக்கவும். குமிழி வருவது நிற்கும்வரை எடுக்கக்கூடாது. சுமார் 7 நிமிடம் 30 விநாடி.' கடைசிப் பக்கத்தில் ஒரு படிவம். பன்னிரண்டு வரிசை, ஆறு கட்டம், அடியில் கையெழுத்துக்கு இடம்.

"இதெல்லாம் எதுக்குன்னா? தண்ணி விடணும், அவ்வளவுதானே?"

"அவ்வளவுதானேன்னு நெனைச்சவா மரம் எல்லாம் இப்ப எங்கே இருக்கு, சொல்லு பாப்போம்?"

திங்கட்கிழமை, மே 4, காலை 6.40-க்கு முன்னூற்றுப் பன்னிரண்டு இலைகளோடு மரத்தை ஒப்படைத்துவிட்டு ஆட்டோ ஏறினார்.

மறுநாள் செவ்வாய். ருக்கு கண்ணாடியைப் போட்டுக்கொண்டு பதினொன்றாம் பக்கத்தைப் படித்தாள். பின்கட்டில் நீல வாளி நிறையத் தெளிந்த தண்ணீர் இருந்தது. வேலைக்கு வருகிற தனக்கோடி பிடித்து வைத்திருக்கிறாள், சமர்த்து என்று எண்ணிக்கொண்டாள். தொட்டிச் செம்மண் ஒட்டிய கையாலேயே வாளியின் ஓரத்தில் தொங்கின வேட்டி ஒன்றை எடுத்துக் கொடியில் போட்டுவிட்டு, தொட்டியை விளிம்புவரை முக்கி, சமையலறைக் கடிகாரத்தைக் கழற்றிக்கொண்டு வந்து மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தாள். குமிழி வந்தது. நின்றது. ஏழு நிமிஷம், முப்பது விநாடி. ஒரு விநாடி கூடவும் இல்லை, குறையவும் இல்லை. முதல் தடவையிலேயே சரியாகச் செய்துவிட்டோம் என்று அவளுக்குக் கொஞ்சம் பெருமையாகக்கூட இருந்தது.

தனக்கோடி மார்க்கெட்டிலிருந்து வந்தாள். வாளியைப் பார்த்தாள்.

"அம்மா, இன்னாம்மா இது? சார் வேட்டி வெளுக்க பிளீச்சிங் பவுடர் கலக்கி வெச்சிருந்தேனே, அதுல மரத்தையா போட்டீங்க?"

பதினான்கு பக்கம். பொருளடக்கத்தோடு பதினான்கு பக்கம். அதில் எங்கேயும் 'முதலில் வாளியைக் கழுவவும்' என்று ஒரு வரி இல்லை. குளோரினுக்கு ஒரு முழுப் பக்கம் இருந்தது.

இரண்டு பேருமாகச் சேர்ந்து நல்ல தண்ணீர் நாலு வாளி விட்டு அலசினார்கள். புதன்கிழமை இலைகள் தொங்கின. ராத்திரியோடு ராத்திரியாக உதிர்ந்தன. வியாழக்கிழமை காலை ஏழு மணிக்கு ருக்கு உதிர்ந்ததையெல்லாம் முறத்தில் வாரிக்கொண்டிருந்தபோது டெலிபோன் அடித்தது.

"ருக்கு, மரம் எப்படி இருக்கு?"

"நன்னா இருக்கு."

"இலை?"

ருக்கு முறத்தைப் பார்த்தாள். மரத்தில் மிச்சம் ஐம்பது தேறினால் அதிகம்.

"முன்னூத்தி நாலு."

"எட்டு கொட்டியிருக்கா? வெயில். பரவாயில்லை. நீ சுத்தமா எண்ணறே."

கல்யாணமாகி முப்பத்து நாலு வருஷத்தில் அவர் ருக்குவைப் பாராட்டினது அதுதான் முதல் தடவை. அவள் முறத்தைக் கொண்டுபோய்ப் பின்கட்டில் கொட்டினாள்.

இந்த இடத்தில் நீங்கள் கேட்கலாம்: ஒரு சாண் மரம் செத்ததற்கு இவ்வளவு பயமா? நீங்கள் பதிவாளரோடு குடித்தனம் செய்ததில்லை. அவர் கத்த மாட்டார், அடிக்க மாட்டார், சாப்பாட்டைத் தள்ளிவிட மாட்டார். எழுதிவைப்பார். 1974-ல் ருக்கு பாலைப் பொங்கவிட்டது இன்னும் எங்கேயோ ஒரு நோட்டில் தேதியோடு இருக்கிறது. மரத்தின் சாவும் அப்படித் தன் பெயருக்கு எதிரே ஏறப்போகிறது, அது தன் ஆயுசு முழுக்க அழியாது என்பதுதான் அவள் பயம். அதற்கும் மேலாக இன்னொன்று. ஜூன் மாதம் 'உள்ளங்கை விருட்ச சங்கத்தின்' ஆண்டுக் கூட்டம். ஒரு வருஷத்தில் அதிகம் பருத்த மரத்துக்குச் சுழற்கோப்பை. இரண்டு வருஷமாக அந்தக் கோப்பை சங்கத் தலைவர் சீனிவாசராகவன் வீட்டு அலமாரியில் சுழலாமல் நின்றுகொண்டிருந்தது. அவருடையது ஆலமரம்.

"ஆலமரம் வளர்றது ஒரு சாதனையா? ஆலமரம் கக்கூஸ் சுவத்துலகூட வளரும்" என்பார் கஸ்தூரிரங்கன். இந்த வருஷம் எப்படியும் தன் எல்ம்தான் என்று அவர் நோட்டில் எழுதவே இல்லை. எழுதாததை வைத்தே ருக்குவுக்குப் புரிந்துவிட்டது, அவர் எவ்வளவு ஆசைப்படுகிறார் என்று.

சனிக்கிழமை மரம் மொட்டைக் குச்சி. ருக்கு அதை ஒரு பழைய டர்க்கி டவலில் சுற்றி மடியில் வைத்துக்கொண்டாள். தனக்கோடி பக்கத்தில் உட்கார்ந்தாள். ஆட்டோ அடுகோடிக்குப் போயிற்று.

கிருஷ்ணப்பா நகத்தால் பட்டையைக் கீறிப் பார்த்தார். பச்சை இல்லை.

"ஹோய்த்தம்மா. போயிடுச்சு. உயிர் இல்ல."

"இதே மாதிரி இன்னொண்ணு இருக்கா?"

கிருஷ்ணப்பா நிமிர்ந்து பார்த்தார். இந்தக் கேள்வியை அவரிடம் கேட்கிற முதல் மனைவி ருக்கு இல்லை என்று அந்தப் பார்வையிலேயே தெரிந்தது. "இதோட அண்ணன் தம்பி எல்லாம் பின்னாடி இருக்குது. ஒரே தாய் மரத்துக் குச்சி. ஆனா அம்மா, ஒண்ணு சொல்றேன். இது வெளியில, காத்துல, வெயில்ல நிக்கற மரம். சார் வீட்டுக்குள்ள வெச்சுக் கணக்கு எழுதறாரு."

பின்பக்கம் ஏழு எல்ம்கள் வரிசையாக நின்றன. ருக்கு நாலாம் பக்கத்துப் படத்தை விரித்து ஒவ்வொன்றின் பக்கத்திலும் வைத்துப் பார்த்தாள். பெண் பார்க்கப் போன இடத்தில் ஜாதகத்தை வைத்துக்கொண்டு நிற்கிற மாதிரி இருந்தது. ஐந்தாவது மரம் ஏறக்குறையப் பொருந்திற்று. இடது கிளை மட்டும் கொஞ்சம் முன்னால் வந்திருந்தது.

"சார் கண்டுபிடிப்பாரா?" என்றாள் ருக்கு.

"சார் மரத்தைப் பாத்தா கண்டுபிடிப்பாரு. அவரு நோட்டைத்தானே பாக்கறாரு!" என்றார் கிருஷ்ணப்பா. பழைய தொட்டியிலேயே புது மரத்தை நட்டுக் கொடுத்தார்.

பதிமூன்றாம் தேதி நாக்பூரிலிருந்து மறுபடி போன் வந்தது. ருக்கு நகர்ந்துகொள்ள, தனக்கோடி எடுத்தாள். "அம்மா கோயிலுக்குப் போயிருக்காங்க சார்" என்று சொல்லிவிட்டு வைத்தாள். பதினைந்தாம் தேதி வெள்ளிக்கிழமை ருக்கு படிவத்தை எடுத்துப் பன்னிரண்டு வரிசையையும் ஒரே மூச்சில் நிரப்பினாள். ஒரு வரிக்கு நீலப் பேனா, அடுத்த இரண்டு வரிக்குக் கறுப்பு என்று மாற்றி மாற்றி, ஒன்பதாம் தேதிக்கு மட்டும் பென்சில். பேனா கிடைக்கவில்லை போலும் என்று அவர் நினைக்க வேண்டும். இலை எண்ணிக்கையை ஒன்றிரண்டாகக் குறைத்துக்கொண்டே வந்து இருநூற்றுத் தொண்ணூற்றொன்பதில் நிறுத்தினாள். பிறகு மரத்தை எண்ணிப் பார்த்தால் முன்னூற்று முப்பத்தாறு.

"இன்னும் முப்பத்தேழு பிடுங்கணும்மா" என்று தனக்கோடி தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்தாள். "கீரை ஆயற வேலைதானே."

ஆய்ந்தார்கள். கடைசியில் ஒன்று கூடப் போய்விட்டதோ என்று சந்தேகம் வந்து மறுபடி முழுக்க எண்ணினார்கள். அப்போது காஸ்காரன் மணியடித்தான். "சும்மா இருடா!" என்று ருக்கு போட்ட சத்தத்தில் அவன் சிலிண்டரை வாசலிலேயே வைத்துவிட்டுப் போய்விட்டான்.

பதினாறாம் தேதி காலை கஸ்தூரிரங்கன் வந்தார். கால் அலம்பினார். காபி கூடக் குடிக்காமல் எண்ணினார். இருநூற்றுத் தொண்ணூற்றொன்பது. படிவத்தைப் பார்த்தார். இருநூற்றுத் தொண்ணூற்றொன்பது. "ம்" என்றார். ருக்குவுக்குப் போன உயிர் பாதி திரும்பிற்று.

அப்புறம் நூலை எடுத்தார். மண்ணிலிருந்து ஓர் அங்குலம் மேலே அடிமரத்தைச் சுற்றி, ஸ்கேலில் நீட்டிப் பார்த்தார். இலையைப் பிடுங்கலாம். அடிமரத்தை என்ன செய்வது?

"ஏழரை சென்டிமீட்டர். போறச்சே ஏழு புள்ளி ஒண்ணு. நாலு மில்லிமீட்டர் ஜாஸ்தி. போன வருஷம் முழுக்கவே மூணுதான்." கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "யாராவது இதைத் தொட்டாளா?"

"யாரும் தொடலை."

"பின்னே எப்படி?"

"இந்தக் கோடைக்கு மாங்காய் மழை பெஞ்சுதோல்லியோ. அதுல பருத்திருக்கும்."

"வீட்டுக்குள்ளயா?"

ருக்கு ஆறிப்போன காபி டம்ளரைக் கையில் எடுத்துக்கொண்டாள்.

"இந்த இடது கிளை முன்னால வந்திருக்கே?"

"ஜன்னல் பக்கம் திருப்பி வெச்சேன். வெளிச்சத்துக்கு வந்திருக்கும்."

"ம்" என்றார் கஸ்தூரிரங்கன். நோட்டை எடுத்துக்கொண்டு அறைக்குள் போய் வெகுநேரம் எழுதினார். அன்று மத்தியானம் ரசத்தில் ருக்கு இரண்டு தடவை உப்புப் போட்டுவிட்டாள். அவர் ஒன்றும் சொல்லாமல் இரண்டாம் தரமும் வாங்கிச் சாப்பிட்டார். இதுவே சந்தேகத்துக்குரியது என்பது அப்போது அவளுக்குத் தோன்றவில்லை.

இரண்டு நாள் கழித்துச் சீனிவாசராகவன் வந்தார். அவரும் இதே இனம். அவர் சட்டைப் பையில் இருப்பது டேப். அவரே அதைச் சுற்றி அளந்தார். மேஜைமேல் கிடந்த படிவத்தைப் பார்த்தார். டேப் கையிலிருந்து நழுவிற்று.

"பன்னிரண்டு நாளில் நாலு மில்லிமீட்டரா! ஓய், இது உலகத்துலயே நடந்ததில்லை ஓய்! கூட்டத்துல நீர் இதைப் பத்திப் பேசணும். கோப்பை உமக்குத்தான். என் ஆலே மூணு வருஷமா இப்படி வளர்ந்ததில்லை."

கஸ்தூரிரங்கன் தொட்டியின் விளிம்பைத் துடைத்துக்கொண்டிருந்தார். சமையலறையில் ருக்கு கரண்டியோடு நின்று கேட்டுக்கொண்டிருந்தாள். பொய் என்பது கொடியில் காய்கிற துணி மாதிரி. நாம் போட்டது நம் வீட்டில்தான், ஆனால் காற்றடித்தால் தெருவுக்குப் போகும். இப்போது கணவர் மேடையேறிச் சங்கத்தார் பத்தொன்பது பேர் முன்னால் அவள் பொய்யைப் படிக்கப்போகிறார். அதில் ஒருவர் அடுகோடிப் பக்கம் போனால் போதும், கிருஷ்ணப்பா வாயைத் திறந்தால் போதும். ஊரில் ஒரு பைசா பிசகாத மனிதர் என்று பெயரெடுத்தவரின் மானம் ஒரு நீல வாளியில் போய்விடும். சொல்லிவிடலாம் என்று தினமும் காலையில் தீர்மானிப்பாள். காபியை நீட்டும்போது, 'ஏன்னா' என்று ஆரம்பிப்பாள். 'என்ன?' என்பார். 'சர்க்கரை போறுமா?' என்று முடியும். இப்படி முப்பத்து மூன்று நாள்.

ஜூன் 21, ஞாயிறு. ஒரு பள்ளிக்கூட வகுப்பறை. மூன்றாம் வகுப்புப் பிள்ளைகளின் பெஞ்சியில் முழங்காலை மடக்கிக்கொண்டு பெரியவர்கள் உட்கார்ந்திருந்தார்கள். மேஜைமேல் கோப்பை பளபளத்தது. சீனிவாசராகவன் நாற்பது நிமிஷம் பேசிவிட்டு, "இனி திரு. கஸ்தூரிரங்கன் அவர்கள், பன்னிரண்டு நாள் அதிசயத்தை நமக்கு விளக்குவார்" என்றார்.

கஸ்தூரிரங்கன் எழுந்தார். ருக்கு கடைசிப் பெஞ்சியில் புடவைத் தலைப்பை வாயில் கடித்துக்கொண்டிருந்தாள். அவர் கழுத்தைத் தடவிக்கொண்டார். கரகரவென்று ஏதோ சொன்னார்.

"தொண்டை கட்டிண்டிருக்கு. பேச முடியலை. என் மரத்தைப் போட்டியிலேர்ந்து எடுத்துடுங்கோ. படிவத்துல ஒரு கட்டம் சரியில்லை."

"எந்தக் கட்டம் ஓய்?"

அவர் தொண்டையைக் காட்டிவிட்டு உட்கார்ந்துவிட்டார். கோப்பை மூன்றாவது தடவையாக ஆலமரத்துக்குப் போயிற்று. சாயங்காலம் வீட்டில் கஸ்தூரிரங்கன் மூன்று தட்டைகளைக் கடக் கடக்கென்று கடித்துத் தின்றார். தொண்டை ஒன்றும் சொல்லவில்லை. ருக்கு பார்த்துக்கொண்டே இருந்தாள்.

ஜூலை 4-ம் தேதி அவர் இரண்டு நாள் திருப்பதிக்குப் புறப்பட்டார். கிளம்பும்போது வழக்கம் போல் குறிப்புகளை நீட்டினார். திருத்திய பதிப்பு. இப்போதும் பதினான்கு பக்கம்தான். குளோரினை அரைப் பக்கமாகச் சுருக்கி இடம் பண்ணியிருந்தார். ஆட்டோ தெருமுனை திரும்பின பிறகு ருக்கு பதினொன்றாம் பக்கத்தைப் பிரித்தாள். சிவப்பு மையில் அடிக்கோடிட்டு ஒரு வரி:

'முக்குவதற்குப் பச்சை வாளி. வேட்டி வெளுக்கும் நீல வாளி அல்ல. முதலில் வாளியைக் கழுவவும்.'

ருக்கு எழுந்து போய் நோட்டுகள் இருக்கும் அலமாரியைத் திறந்தாள். முப்பத்து நாலு வருஷத்தில் அவள் அந்த நோட்டுகளின் அட்டையைத் தவிர வேறொன்றையும் தொட்டதில்லை. இன்றைக்குப் பிரித்தாள். மே 16-ம் தேதிக்குப் புதுப் பக்கம் தொடங்கியிருந்தது.

'மரம் எண் 1 காலமானது. தேதி சரியாகத் தெரியவில்லை. காரணம்: பிளீச்சிங் பவுடர். ஆதாரம்: தொட்டியின் உள்விளிம்பில் வெளுத்த கோடு, வேட்டி எண் 4-ல் செம்மண் கறை. பொறுப்பு: குறிப்பு எழுதியவர். வாளி பற்றி எழுதவில்லை.

மரம் எண் 2: நாள் 1. இலை 299. சுற்றளவு 7.5.

ருக்குவைக் கேட்கவில்லை. பயந்திருக்கிறாள். ரசத்தில் இரண்டு உப்பு.'

பொறுப்பு என்ற வரியை ருக்கு மூன்று தடவை படித்தாள். கண்ணைத் துடைத்துக்கொண்டாள். கதை இங்கே முடிந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். ஆனால் பதிவாளர் ஒரு பக்கத்தில் பாதி காலியாக இருக்க விடமாட்டார். கீழே கோடு போட்டு, ஒரு தனி அட்டவணை:

'ருக்கு சொன்ன பொய்கள். 1: நன்னா இருக்கு (டெலிபோன், 7.02). 2: முன்னூற்று நாலு (மேற்படி). 3: படிவம் (பன்னிரண்டு வரிசை, ஒரே பொய்யாகக் கொள்ளப்பட்டது). 4: யாரும் தொடலை. 5: மாங்காய் மழை. 6: ஜன்னல். மொத்தம் 6. தனக்கோடி: 1, தனிக் கணக்கு.'

ருக்குவின் கண் சட்டென்று காய்ந்துவிட்டது. மேஜை டிராயரிலிருந்து பச்சைப் பேனாவை எடுத்தாள். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, கட்டத்துக்கு வெளியே போகாமல், குறிப்புப் பத்தியில் எழுதினாள்:

'கூட்டல் தவறு. 6 அல்ல, 8. தங்கள் பொய்: 1. தொண்டைக்கட்டு, 21-6-98. அன்று மாலை தட்டை மூன்று.'

எழுதி முடித்துக் கையெழுத்துப் போட்டாள். அப்புறம் நிமிர்ந்து சமையலறைக் கடிகாரத்தைப் பார்த்துவிட்டு, கையெழுத்துக்குக் கீழே 'காலை 8.10' என்று சேர்த்தாள்.

திருப்பதியிலிருந்து வந்தவர் லட்டைக் கூட வெளியே எடுக்கவில்லை. நோட்டோடு சமையலறை வாசலில் வந்து நின்றார்.

"ருக்கு, அந்த மத்த ரெண்டு எது?"

"சொல்லமாட்டேன்."

"தேதியாவது சொல்லேன்."

"மாட்டேன்."

அட்டவணையில் ஏழாவது, எட்டாவது வரிகள் இன்றுவரை காலியாகவே இருக்கின்றன. கஸ்தூரிரங்கன் தினமும் காலையில் மரத்துக்குத் தண்ணீர் அளந்துவிட்டு அந்த இரண்டு வரிகளையும் கொஞ்ச நேரம் பார்க்கிறார். கோப்பை போனதற்குக்கூட அவர் இவ்வளவு வருத்தப்படவில்லை.

குட்டைமரப் பதிவாளர் இனம் இப்படிப்பட்டது. உங்கள் வீட்டில் இல்லையே என்று நிம்மதியாகச் சிரித்துக்கொண்டிருக்கிறீர்கள் அல்லவா? ஒன்று கேட்கிறேன். மரம் வந்த முதல் நாள் என்ன தேதி என்று திரும்பிப் பார்க்காமல் உங்களால் சொல்ல முடிகிறதா? ருக்குவின் பொய்கள் ஆறுதானா என்று படித்துக்கொண்டே விரல் விட்டீர்களா? சரி, பதிவாளர் முப்பத்தைந்து வருஷம் வேலை பார்த்தார், மணவாழ்க்கையோ முப்பத்து நாலு, அப்படியானால் வேலை கிடைத்து எத்தனை வருஷத்தில் கல்யாணம் என்று இந்த நிமிஷம் கணக்குப் போட ஆரம்பித்துவிட்டீர்களா?

பேனாவைக் கீழே வையுங்கள். முதலில் வாளியைக் கழுவுங்கள்.